வெள்ளோட்டம்: இணையச் செயலி செய்யப்படும் இடமும் ஓடும் இடமும்

(நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, பொது நிர்வாகம், கணினியியல் ஆகிய துறைகளில் பயிலும் ஆய்வு மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்பு ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். தேர்க் கொட்டகைக்குள் அச்சையும் சக்கரத்தையும் எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும் அது வெள்ளோட்டம் ஆகாது. தேர் எந்த வீதிகளில் ஓட வேண்டுமோ அந்த வீதிகளிலேயே, அந்தத் திருப்பங்களிலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். ஆயினும் வெள்ளோட்டத்தன்று திருவிழாக் கூட்டம் இருப்பதில்லை. ஆகவே வெள்ளோட்டம் என்ற சொல்லுக்குள் இரண்டு ஒப்புதல்கள் உள்ளன: செய்த இடமும் ஓடும் இடமும் வேறு, ஓடும் இடத்தை எவ்வளவு ஒத்திருந்தாலும் ஒத்திகை திருவிழா ஆகாது.

இணையச் செயலிகளின் முப்பது ஆண்டு வரலாற்றை இந்த இரண்டு ஒப்புதல்களையும் கொண்டு எழுத முடியும் என்பதே இப்பதிவின் கருத்து. ஒரு செயலியை எழுதுபவரின் கணினி ஒரு சூழல். அதைச் சோதிக்கும் கணினி மற்றொரு சூழல். மக்கள் பயன்படுத்தும் சர்வர் மூன்றாவது சூழல். எழுதியதை இந்தச் சூழல்கள் வழியாகக் கடத்தி மக்கள் கையில் சேர்க்கும் வேலையைத் துறையினர் ‘டெப்ளாய்மென்ட்’ என்பர். இங்கே அதைக் களமிறக்கம் என்று குறிக்கிறேன். சூழல்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அழிக்கப் பொறியாளர்கள் பலவகையாக முயன்றனர். ஒவ்வொரு முயற்சியும் ஒரு வேறுபாட்டை நீக்கியது. இறுதியில் எஞ்சி நிற்பது பொறியியலால் மட்டும் நீக்க முடியாத ஒரு வேறுபாடு. இந்திய அரசின் இணையச் சேவைகள் இடறிய நாள்களை விளக்க அந்த எச்சமே உதவுகிறது.

1. செய்த இடமே ஓடிய இடம்

1990ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணையதளத்தை இயக்கினார். நெக்ஸ்ட் நிறுவனத்தின் மேசைக்கணினி ஒன்றே எல்லாமாக இருந்தது. உலாவி அதில்தான் எழுதப்பட்டது. பக்கங்கள் அதில்தான் தொகுக்கப்பட்டன. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அப்பக்கங்களை வழங்கிய சர்வரும் அதுவே. அந்தக் கணினியின் மீது, இது ஒரு சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்ற பொருளில் சிவப்பு மையில் கையால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒரே இயந்திரம் ஒருவருக்குப் பணிமேசையாகவும் மற்றவர்களுக்குப் பொதுச்சேவையாகவும் இருந்ததால்தான் அந்தச் சீட்டு தேவைப்பட்டது.

இந்த ஒருமை ஓராண்டுதான் நீடித்தது. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் பால் குன்ஸ் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் இணைய சர்வரைத் தொடங்கினார். அது ஓடியது நெக்ஸ்ட் கணினியில் அன்று, ஐபிஎம் பெருங்கணினியில். துகள் இயற்பியல் ஆய்வுரைகளின் பட்டியலைக் கொண்ட ஸ்பையர்ஸ் தரவுத்தளம் அங்கே இருந்ததே காரணம். ஓரிடத்தில் பிறந்த மென்பொருள், முற்றிலும் வேறான இயக்க அமைப்பு உள்ள இடத்தில் ஓடவேண்டிய நிலை வலையின் முதல் ஆண்டிலேயே வந்துவிட்டது. அச்சடித்த பக்கத்தைப்போல் அசையாமல் கிடக்கும் ஆவணத்தை வழங்குவதற்கும், கேட்பவரின் வினாவுக்கேற்பத் தரவுத்தளத்தைத் தேடி விடை தருவதற்கும் உள்ள வேறுபாடும் அங்கேதான் தெளிவாகத் தோன்றுகிறது. இணையச் செயலி என்று பின்னர் அழைக்கப்பட்டதன் முன்வடிவம் அது.

1993இல் செர்ன் இம்மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தின் சர்வரில் சிஜிஐ எனப்படும் இடைமுகம் வந்தது. சர்வர் ஒரு நிரலை இயக்கி அதன் விடையைப் பக்கமாகத் தருவதற்கான பொதுவழி அது. அதன்பின் இணையதளம் என்பது கோப்புகளின் தொகுப்பாக மட்டும் இருக்கவில்லை. ஓடும் நிரலாகவும் ஆயிற்று. கோப்பு எங்கே வைத்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். நிரல் அப்படியன்று, தன்னைச் சுற்றியுள்ள மொழிப்பதிப்பு, நூலகங்கள், கோப்புரிமைகள், தரவுத்தளம் அனைத்தையும் சார்ந்தே ஓடும்.

2. கோப்பை அனுப்பிவைத்த காலம்

1990களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் களமிறக்கம் என்றால் பெரும்பாலோருக்கு எஃப்டிபி வழியே கோப்பை ஏற்றுவதுதான். இந்த நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, எம்ஐடிக்குச் சென்றவர். அர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் ஒவ்வொன்றும் கோப்புகளை ஒவ்வொரு விதமாகச் சேமித்தன. அந்த வேறுபாடு பயனரைத் தொல்லைப்படுத்தாமல் கோப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல வேண்டும் என்பதே அவருடைய வரைவின் நோக்கம். இணையம் தோன்றுவதற்கு இருபதாண்டுகள் முன்பே எழுதப்பட்ட நெறிமுறை, சூழல் வேறுபாடு என்ற சிக்கலிலிருந்தே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எஃப்டிபி கோப்பைக் கடத்தியது. கோப்பு ஓடுவதற்குரிய சூழலைக் கடத்தவில்லை. வாடகை சர்வர்கள் பெருகியபோது இக்குறை பெரிதாயிற்று. தொடக்கத்தில் ஒவ்வொரு தளத்திற்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. உலாவி தான் நாடும் தளத்தின் பெயரையும் கோரிக்கையோடு சொல்ல வேண்டும் என்ற விதியை 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 வரையறை கட்டாயமாக்கியது. ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்க அது வழி திறந்தது. வாடகை மலிந்தது. சிறு வணிகர்களும் பத்திரிகைகளும் கல்லூரிகளும் தளம் நடத்த முடிந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வழங்கத் தொடங்கிய பின் உருவான தளங்களில் பலவும் அமெரிக்க சர்வர்களில் வாடகைக்கு இடம் பிடித்தே இயங்கின.

அடுக்குமாடிக் குடியிருப்பின் குணம் இந்த ஏற்பாட்டுக்கும் உண்டு. சர்வரில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இருக்கும் என்பதை உரிமையாளரே முடிவு செய்தார். பக்கத்துத் தளம் நெரிசலில் சிக்கினால் நம் தளமும் திணறும். சோதனைக்கென்று தனிச் சூழல் பெரும்பாலோரிடம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தளத்திலேயே கோப்பைத் திருத்தி, உலாவியைப் புதுப்பித்து, சரியாக வந்ததா என்று பார்ப்பதே வழக்கம். அந்தச் சில நிமிடங்களில் தளத்துக்கு வந்தவர், தானறியாமலே சோதனைக்குள் சேர்ந்திருந்தார்.

3. சூழல்கள் பிரிந்தன, மனிதர்களும் பிரிந்தார்கள்

வங்கியும் விமானப் போக்குவரத்தும் ரயில் முன்பதிவும் இணையத்திற்கு வந்தபோது இந்த வழக்கம் கட்டுப்படியாகவில்லை. ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்டில் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனையைத் தொடங்கிற்று. அதன் பின்னணியில் இருந்தது 1980களின் நடுவிலிருந்து வளர்ந்துவந்த ரயில்வே முன்பதிவு அமைப்பு. அத்தகைய அமைப்பின் மீது ஓடும் செயலியை நேரலையில் திருத்திப் பார்க்க எவரும் துணியமாட்டார்கள். உருவாக்கச் சூழல், சோதனைச் சூழல், ஸ்டேஜிங் எனப்படும் ஒத்திகைச் சூழல், மக்கள் பயன்படுத்தும் மெய்ச்சூழல் என்ற நான்கடுக்கு முறை பெருநிறுவனங்களில் வழக்கமாயிற்று.

சூழல்கள் பிரிந்தபோது பணியாளர்களும் பிரிந்தனர். நிரலை எழுதுவோர் ஓர் அணி. சர்வரைக் காப்போர் மற்றோர் அணி. எழுதுவோருக்கு மாற்றமே வேலை. காப்போருக்கு மாற்றமே ஆபத்து. இடைச்சுவரின் இருபுறமும் நின்றவர்களிடையே அன்றாடம் ஒலித்த வாக்கியம், “என் கணினியில் ஓடுகிறதே” என்பது. அது பலமுறை உண்மையாகவும் இருந்தது என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் இந்தப் பிரிவுக்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் வளர்ந்த மென்பொருள் சேவைத்துறையில் எழுதுவோர் ஒரு நாட்டிலும் மெய்ச்சூழல் வேறொரு நாட்டிலும் இருந்தன. வாடிக்கையாளரின் மெய்த்தரவைப் பார்க்கும் உரிமை எழுதியவர்க்குப் பெரும்பாலும் இல்லை. யூஏடி என்று சுருக்கமாக வழங்கும் பயனர் ஏற்புச் சோதனை, தொழில்நுட்பச் சோதனையாக மட்டும் இருக்கவில்லை. அது முடிந்து கையொப்பம் ஆனால் கட்டணம் பெறத் தகுதி வரும் ஒப்பந்த நிகழ்வாகவும் இருந்தது. அமெரிக்காவின் சனிக்கிழமை இரவு நடக்கும் களமிறக்கம் இங்கே ஞாயிறு காலை. அந்த ஞாயிறுகளில் விழித்திருந்தவர்களின் உழைப்பைத் தொழிலாளர் வரலாறாக எழுதுவது நம் துறைக்குரிய பணி. சூழல் பிரிவினையைப் பொறியியல் ஏற்பாடு என்று மட்டும் கற்பிக்கும் பாடநூல்கள், அது ஒரு பொறுப்புப் பங்கீடு என்பதை விட்டுவிடுகின்றன.

4. சூழலையே கட்டி அனுப்புதல்

கோப்பை மட்டும் அனுப்பினால் போதாது, கோப்பு ஓடும் சூழலையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்திற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சிஎச்ரூட் என்ற கட்டளை வந்தது. ஒரு நிரலுக்கு ஒரு கோப்புறையையே முழு உலகமாகக் காட்டும் ஏற்பாடு அது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அமைப்பின் ‘ஜெயில்’ அதனை வலையமைப்புக்கும் பயனர்களுக்கும் விரித்தது. மற்றொரு கிளையில், 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர், ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் நுட்பத்தைச் சாதாரண மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. சோதனைச் சூழலுக்குத் தனி இயந்திரம் வாங்கவேண்டிய தேவை அதனால் குறைந்தது.

2006 ஆகஸ்டில் அமேசான் தன் இசி2 சேவையைச் சோதனைநிலையில் திறந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு சிறு குழு உருவாக்கிய சேவை அது. மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு எடுத்து, தேவை முடிந்ததும் விட்டுவிடலாம். வரலாற்று நோக்கில் இதன் விளைவு இரட்டையானது. மெய்ச்சூழலை ஒத்த ஒத்திகைச் சூழலை ஒருநாள் மட்டும் எழுப்பிச் சோதித்துக் கலைக்க முடிந்தது. அதே காரணத்தால் அந்த ஒத்திகை எப்படி இருந்தது என்பதற்கான தடயமும் கலைந்தது. இதற்குப் பின்னர் வருகிறேன்.

2011இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் பன்னிரு நெறிகளைத் தொகுத்தார். அவற்றுள் ஒன்று, உருவாக்கச் சூழலும் மெய்ச்சூழலும் இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்பது. கால இடைவெளி, ஆள் இடைவெளி, கருவி இடைவெளி என்று மூன்று இடைவெளிகளை அந்நெறி பெயரிட்டது. சூழலுக்குச் சூழல் மாறும் கடவுச்சொல், தரவுத்தள முகவரி முதலியவற்றை நிரலிலிருந்து பிரித்து வெளியே வைக்கவேண்டும் என்பது மற்றொன்று. நிரல் ஒன்றே, சூழல் பற்றிய செய்தி மட்டும் வெளியிலிருந்து வரும்.

2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிட உரையொன்றில் டாக்கரை அறிமுகம் செய்தார். லினக்ஸ் கருவில் 2008 முதல் இடம்பெற்றிருந்த வளக் கட்டுப்பாட்டு வசதிகளையும் பிற தனிமைப்படுத்தும் வசதிகளையும் எவரும் எளிதில் பயன்படுத்துமாறு அவருடைய குழு தொகுத்திருந்தது. நிரலும் அதற்குரிய நூலகங்களும் அமைப்புகளும் ஒரே படிமமாகக் கட்டப்படும். அந்தப் படிமம் மடிக்கணினியிலும் சோதனைச் சர்வரிலும் மெய்ச்சூழலிலும் மாறாமல் ஓடும். கொள்கலன் என்ற பெயர் கப்பல் சரக்குப் பெட்டியிலிருந்து வந்தது. 2014 ஜூனில் கூகுள் அறிவித்த குபர்னெட்டிஸ், ஆயிரக்கணக்கான கொள்கலன்களை இயந்திரங்களுக்கிடையே பங்கிட்டு, விழுந்ததை எழுப்பி, பழையதைப் படிப்படியாகப் புதியதால் மாற்றும் வேலையை ஏற்றது. “என் கணினியில் ஓடுகிறதே” என்ற வாக்கியத்திற்குத் தொழில் கண்ட விடை இதுதான்: அப்படியானால் உன் கணினியையே கட்டி அனுப்பு.

5. சிறிது சிறிதாக, அடிக்கடி

இணையாக மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. மாற்றம் ஆபத்தானது என்பதால் அரிதாகச் செய்வோம் என்பது பழைய அறிவு. அரிதாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் மாற்றம் மலையளவு சேரும். பிழை எதில் என்று தெரியாது. ஆகவே சிறிது சிறிதாக அடிக்கடி செய்வோம் என்பது புதிய அறிவு. 1990களின் இறுதியில் கென்ட் பெக் முதலியோர் வலியுறுத்திய தொடர் ஒருங்கிணைப்பு இதன் தொடக்கம். எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் உடனே பொதுத் தொகுப்பில் சேர்ந்து, தானியங்கிச் சோதனைகளுக்கு உட்படும். அதற்கான கருவிகள் 2000களில் பெருகின. கோசுகே கவாகுச்சி உருவாக்கி, ஹட்ஸன் என்று தொடங்கி, 2011 முதல் ஜென்கின்ஸ் என்று வழங்கும் கருவி இந்தியக் கல்லூரி ஆய்வகங்கள் வரை வந்திருக்கிறது.

2009 ஜூனில் வெலாசிட்டி மாநாட்டில் ஃப்ளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேற்பட்ட களமிறக்கங்கள் தங்களிடம் நடப்பதைக் கூறினர். எழுதுவோரும் காப்போரும் ஓரணியாக வேலை செய்தால் அது இயலும் என்பது அவர்கள் வாதம். அவ்வாண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் தெபுவா கூட்டிய கூட்டத்திலிருந்து டெவ்ஆப்ஸ் என்ற சொல் பரவியது.

புதிய பதிப்பை முதலில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் காட்டி, கேடு இல்லை என்று கண்டபின் மற்றவர்க்கு விரிக்கும் முறையும் நிலைபெற்றது. சுரங்கத்தின் நச்சுக்காற்றை அறியத் தொழிலாளர்கள் கூண்டில் எடுத்துச் சென்ற கேனரிப் பறவையின் பெயரை அதற்கு இட்டார்கள். புகைப்படத் தளத்தில் அந்தப் பறவையாவதால் ஒருவருக்குப் பெரிய இழப்பில்லை. வங்கியிலோ அரசுச் சேவையிலோ எவர் அந்தப் பறவை என்ற கேள்வி எளிதன்று.

6. படியெடுக்க முடியாதவை

படிமங்களும் தானியங்கிச் சோதனைகளும் வந்தபின் வேறுபாடு முற்றும் அழிந்ததா? இரண்டு நிகழ்வுகள் இல்லையென்று காட்டுகின்றன.

முதலாவது பங்குச்சந்தையில். அது இணையச் செயலி அன்று. ஆயினும் களமிறக்கத்தின் வரலாற்றில் இவ்வளவு நுணுக்கமாக ஆவணப்பட்ட நிகழ்வு அரிது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் புதிய நிரலுடன் வணிகத்தைத் தொடங்கியது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பழைய நிரற்பகுதி கிடந்தது. புதிய நிரல் பயன்படுத்திய அதே குறியீடு, அந்தப் பழைய பகுதியை உயிர்ப்பித்தது. 45 நிமிடங்களில் 40 லட்சத்திற்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இழப்பு 46 கோடி டாலரைக் கடந்தது. ஏறிய நிரலைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. பிழையைத் திருத்த முயன்றவர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினர், கேடு பெருகியது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2013 அக்டோபரில் பிறப்பித்த ஆணையில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன. ஒன்றுபோல் இருக்கிறது என்று கருதப்பட்ட மெய்ச்சூழலே தனக்குள் ஒன்றுபோல் இல்லை.

இரண்டாவது, 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ். ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வரக்கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டரை லட்சம் பேர் வந்ததாக அரசுத்தரப்பு கூறியது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை நிறைவு செய்தவர்கள் ஆறு பேர் என்று உள்கூட்டக் குறிப்புகள் பின்னர் வெளிப்படுத்தின. பல ஒப்பந்ததாரர்கள் தனித்தனியே எழுதிய பகுதிகளை இணைத்து முதலிலிருந்து இறுதிவரை சோதித்தது திறப்புக்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்ததாரர்களே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். தொடக்க நாள் முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. சோதனைக்குரிய காலமே சுருங்கியது.

இவற்றிலிருந்து பெறுவது இதுதான். நிரலைப் படியெடுக்கலாம், நூலகத்தைப் படியெடுக்கலாம், இயக்க அமைப்பைப் படியெடுக்கலாம். மெய்ச்சூழலில் ஆண்டுக்கணக்கில் படிந்த எச்சங்களையும், மெய்யான மக்களின் தரவில் உள்ள கோணல்களையும், அவர்கள் ஒரே நேரத்தில் திரண்டு வரும் விதத்தையும் படியெடுக்க முடியாது. மூன்றாவதை இந்தியாவில் தீர்மானிப்பது பெரும்பாலும் விதிகள்.

7. விதி உண்டாக்கும் நெரிசல்: 2018இன் இ-வே பில்

ரயில்வேயின் தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்த நொடியில் நாடெங்குமிருந்து விரல்கள் ஒரே பொத்தானை அழுத்துகின்றன. இந்தத் திரட்சியை உண்டாக்குவது விதி. வரிக்கணக்கு தாக்கல் செய்வதன் கடைசி நாளும் அவ்வாறே. இயல்பாகப் பரவலாக வந்திருக்கக்கூடிய கூட்டத்தை ஓர் அறிவிப்பு ஒரு நாளில், ஒரு மணியில் குவிக்கிறது.

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கைக் கொண்டுசெல்ல மின்வழிச் சீட்டு வேண்டும் என்ற ஜிஎஸ்டி ஏற்பாட்டை இவ்வகையில் ஆராயலாம். இ-வே பில் தளத்தைத் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது. 2018 ஜனவரி 16 முதல் வெள்ளோட்டம். பிப்ரவரி 1 முதல் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வெள்ளோட்ட நாள்களில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தினர். கட்டாய நாளன்று மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு எல்லோரும் வந்தனர். மாநிலத்திற்குள்ளான சரக்குக்கும் அன்றே தொடங்குவதெனப் பல மாநிலங்கள் முடிவெடுத்திருந்ததால் அவர்களும் வந்தனர். தளம் திணறியது. சீட்டு கிடைக்காமல் லாரிகளை அனுப்ப முடியாத நிலையில், அன்றே கட்டாயம் ஒத்திவைக்கப்பட்டு வெள்ளோட்டக் காலம் நீட்டிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் வரலாற்று முக்கியத்துவம் உடையது. மார்ச் 10 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றம் புதிய வரிசையொன்றை வகுத்தது. ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மட்டும் கட்டாயம். மாநிலத்திற்குள்ளான சரக்குக்கு மாநிலங்கள் கட்டம் கட்டமாகச் சேரும். கர்நாடகம் ஏப்ரல் 1 அன்றே தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று ஆந்திரம், குஜராத், கேரளம், தெலங்கானா, உத்தரப்பிரதேசம் சேர்ந்தன. மற்றவை அடுத்தடுத்து வந்தன. தமிழ்நாடு ஜூன் 2 அன்று சேர்ந்தது. பிப்ரவரி 1 போன்ற ஒரு நாள் மீண்டும் வரவில்லை.

பொறியாளர்கள் நூற்றில் ஒருவருக்கு முதலில் காட்டுவதை இங்கே செய்தது சர்வரின் அமைப்புக் கோப்பு அன்று, அரசாணை. சர்வரின் திறனும் இடையில் கூட்டப்பட்டிருக்கும் என்பது மெய்யே. ஆயினும் நெரிசலைத் தணித்ததில் நாள்குறிப்புக்குப் பெரும்பங்கு உண்டு. களமிறக்கம் என்பது சட்டம் இயற்றுவோரின் கையிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இந்திய உதாரணத்தை நான் அறியேன். விதி நெரிசலை உண்டாக்கும் என்றால், விதியே அதைப் பிரித்துவிடவும் வல்லது. பொது நிர்வாகம் பயிலும் மாணவர்கள் இதைக் கணினித்துறைக்கு உரியதென்று ஒதுக்கிவிடலாகாது.

நம்முடைய சோதனை நடைமுறைகள் வேறொன்றிலேயே கருத்தூன்றியுள்ளன. அரசுத் தளம் ஒன்று வெளிவருவதற்கு முன் செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் அதைப் பாதுகாப்பு நோக்கில் ஆராய்ந்து, சர்வரில் ஏற்றத் தகுந்தது என்று சான்றளிக்க வேண்டும். தேவையான ஏற்பாடு. ஆனால் சான்று அளிக்கப்படுவது தணிக்கை நாளன்று, பெரும்பாலும் ஒத்திகைச் சூழலில், கூட்டமின்றி நின்ற செயலிக்கு. கூட்டத்தைத் தாங்குமா, தொடக்க நாளைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, இடறினால் குடிமக்களுக்கு மாற்றுவழி என்ன என்ற கேள்விகளுக்கு அச்சான்றில் இடமில்லை.

தனியார் செயலி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போகலாம். சரக்குச் சீட்டுக்கும் வரிக்கணக்குக்கும் உதவித்தொகைக்கும் வேறு கடை இல்லை. காலக்கெடு தவறினால் அபராதம் கட்டுபவர் குடிமகனே. ஆகவே இங்கே வெள்ளோட்டம் பொறியியல் ஒழுக்கம் என்பதோடு குடிமக்கள் உரிமையும் ஆகிறது.

8. எழுதப்படாத வரலாறு

இவ்வரலாற்றை எழுத முனைவோர்க்கு ஒரு சான்றுச் சிக்கல் உண்டு. நிரல்கள் கிட் போன்ற தொகுப்புகளில் வரிவரியாகப் பாதுகாக்கப்படுகின்றன. இணையப் பக்கங்களை 1996 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் சேகரித்து வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சூழல்கள் எங்கும் இல்லை. சோதனைச் சர்வர் கலைக்கப்படுகிறது. கொள்கலன் சில நிமிடங்கள் வாழ்ந்து மறைகிறது. பதிவேடுகள் சில வாரங்களில் அழிக்கப்படுகின்றன. நன்றாக நடந்த களமிறக்கம் எந்தச் சுவடும் விடுவதில்லை. இடறியவை மட்டுமே விசாரணையை வரவழைத்து ஆவணமாகின்றன. நைட் கேபிடலைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ஓர் ஒழுங்காணையத்தின் ஆணையே காரணம். ஆகையால் நம் கையிலுள்ள வரலாறு விபத்துகளின் பக்கம் சாய்ந்த வரலாறு.

இந்தியாவில் அந்த விபத்துச் சான்றுகளும் மெலிந்தவை. நாடாளுமன்ற வினாவிடைகள், ஜிஎஸ்டி மன்றத்தின் கூட்டக் குறிப்புகள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள், ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள், காலக்கெடு நீட்டிப்பு அறிவிக்கைகள் ஆகியவை சிதறிக் கிடக்கின்றன. இவற்றுள் கடைசி வகையை ஆய்வாளர்கள் ஏறத்தாழத் தொடவே இல்லை. ஒரு தளத்தின் தொடக்க நாளையும் அதன் காலக்கெடு எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது என்பதையும் அரசிதழிலிருந்து வரிசைப்படுத்தினாலே, எங்கே வெள்ளோட்டம் போதவில்லை என்பதற்கு ஒரு வரைபடம் கிடைக்கும். நிரல் ஒன்றுகூட எழுதத் தெரியாத வரலாற்று மாணவர் இதைச் செய்ய முடியும். ஞாயிறு காலைகளில் களமிறக்கம் செய்த முதல் தலைமுறைப் பொறியாளர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறார்கள். அவர்களுடைய வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது இரண்டாவது பணி. அரசு தன் பொதுச் சேவைகள் ஒவ்வொன்றின் சோதனை அறிக்கையையும் தொடக்க நாளுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று கேட்பது மூன்றாவது. இதை ஆய்வாளர்களாகவும் குடிமக்களாகவும் நாம் கேட்கலாம்.

முதற்பணிக்கு எவரேனும் முன்வந்தால், இ-வே பில் தொடர்பான அறிவிக்கைகளை நாள்வாரியாக நான் தொகுத்துள்ள பட்டியலைத் தரத் தயாராக இருக்கிறேன்.